கிஃப்ட் கூடை வியாபாரமும் என் முதல் தீபாவளியும்

யூடியூபில் தேடிப் பாருங்கள், "வீட்டிலிருந்தபடியே மாதம் ஐம்பதாயிரம்" என்று கிஃப்ட் ஹேம்பர் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கும். கூடையை எப்படி அடுக்குவது, ரிப்பனை எப்படிப் பூவாக முடிவது என்றெல்லாம் அழகாகக் காட்டுவார்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனி கடைசி வாரத்தில் எண்ணிக்கையைக் குறைத்தால் மிச்சக் கூடைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது, இரண்டரைக் கிலோ கூடைக்குக் கூரியர்காரர் ஏழு கிலோவுக்கு ஏன் பில் போடுகிறார் என்று சொல்ல ஒரு வீடியோவும் இல்லை. 2023 தீபாவளிக்கு நான் இதையெல்லாம் கைக்காசு போட்டுக் கற்றேன். கேட்க ஆள் இல்லாமல் தனியாக முழித்தேன். இந்த வருஷம் யாராவது புதிதாக இறங்குவதாக இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது திருச்சி. ஊர் மாறினால் கடைத்தெரு மாறும், கணக்கு மாறாது.

அதற்கு முன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சீர்த்தட்டு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். பதினொன்று, இருபத்தொன்று என்று ஒற்றைப்படையில் தட்டு வைத்து, பழம், புடவை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வளையல் எல்லாம் அடுக்கி நெட் துணி போட்டுக் கட்டித் தருவேன். பார்த்தவர்கள் எல்லாம் "இவ்ளோ நல்லா பண்றியே, இதையே தொழிலா பண்ணலாமில்ல?" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் தட்டுக்குக் கூலி கொடுத்ததே இல்லை. பாராட்டு வேறு, வாடிக்கையாளர் வேறு. ஆனாலும் அந்தப் பேச்சு மனசில் ஊறிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு தனியார் கம்பெனியில் பேசி, ஆவணி மாதத்தில் 150 கூடைக்கு ஆர்டர் வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. கூடை 1,200 ரூபாய், மொத்தம் 1,80,000, அட்வான்ஸ் 45,000. உறுதி செய்து ஒரு இ-மெயில் வந்தது. அவ்வளவுதான் காகிதம்.

பிளாஸ்டிக் ட்ரேயும் எம்டிஎஃப் பலகைப் பெட்டியும் எல்லோரும் கொடுப்பதுதான், நமக்கென்று ஓர் அடையாளம் வேண்டும் என்று செட்டிநாட்டுக் கொட்டானில் போடத் தீர்மானித்தேன். பனை ஓலையைக் கிழித்துச் சாயம் ஏற்றி, காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் கையால் முடைவது, புவிசார் குறியீடு பெற்றது. இன்றைக்கும் அந்தத் தேர்வில் எனக்கு வருத்தம் இல்லை, கூடையைத்தான் எல்லோரும் முதலில் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் கையால் முடைந்த பொருளை மிஷின் சாமான் மாதிரி ஆர்டர் போட முடியாது. 150 கொட்டான் என்றதும் முடைகிற அக்கா, "ரெண்டு மாசம் ஆகும்மா, மழை வந்தா ஓலை காயாது, இன்னும் தள்ளும்" என்றார். தவணை தவணையாகத்தான் வந்தது. ஒன்றுக்கொன்று அரை அங்குலம் முன்பின் இருந்தது. அளவு கொடுத்து அடித்த அட்டைப் பெட்டிக்குள் சில கொட்டான்கள் இறங்கவே இல்லை. ஆகவே முதலில் கூடை கைக்கு வரட்டும், வந்ததில் பெரியதை அளந்து, அதற்கு ஒரு விரல் கூடுதலாக வைத்துப் பெட்டி அடியுங்கள். இன்னொன்று, ஓலைக் கொட்டானின் அடி மெத்தென்று இருக்கும், இரண்டு கிலோ ஏற்றித் தூக்கினால் நடுவில் தொங்கும். கெட்டியான மில்போர்டு அட்டையை அளவாக வெட்டி அடியில் போட்டால்தான் நிற்கும். ஐப்பசி மழையில் அடுக்கி மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும் என்பதால் கூடத்தில் கயிறு கட்டி, மின்விசிறிக் காற்றில் கொட்டான்களைத் தொங்கவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் தலை குனிந்துதான் நடந்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்லாமல் இருந்ததே பெரிய பேச்சு.

சாமான் விஷயத்துக்கு வருவோம். முந்திரியும் பாதாமும் காந்தி மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினேன். முந்திரி பத்துக் கிலோ டின்னில் வரும். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் சொல்வார்கள், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் ஏறும். கூடைக்கு 320 தாராளமாகப் போதும், அதற்கு மேல் கொடுக்கிற காசு கூடையில் கண்ணுக்குத் தெரியாது. டின்னைப் பிரித்து நூறு நூறு கிராமாகச் சின்ன டப்பாவில் போட்டேன். இங்கேதான் சட்டம் வந்து நிற்கிறது. உணவுப் பொருளைப் பிரித்து மறுபடி பேக் செய்கிறவரும் உணவு வியாபாரிதான், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணத்தில் சாதாரணப் பதிவு போதும். டப்பாவில் அந்தப் பதிவின் 14 இலக்க எண், பேக் செய்தவர் பெயர் முகவரி, எடை, பேக் செய்த மாதம், எதற்குள் சாப்பிட வேண்டும், அதிகபட்ச விலை, சைவம் என்பதற்கான பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி சாம்பிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே லேபிளைத்தான். அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, தயாரிப்பாளரின் ஒரிஜினல் பாக்கெட்டையே வையுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் மணப்பாறை முறுக்கையும் நான் அப்படித்தான் வைத்தேன், அவர்கள் லேபிள் அவர்களுக்கு. பிரித்துப் போடுவதில் டப்பாவுக்கு இருபது ரூபாய் மிஞ்சுகிற மாதிரித் தெரியும். டப்பா விலை, லேபிள் அச்சு, சிந்துகிறது, எடை கூடுகிறது என்று பார்த்தால் ஐந்து ரூபாய் நின்றால் பெரிசு. பால்கோவா, பால் ஸ்வீட் பக்கமே போக வேண்டாம். நீங்கள் கொடுக்கிற நாளும் அவர் வீட்டில் பிரிக்கிற நாளும் வேறு வேறு.

விலை போடுவதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் அடி வாங்குகிறோம். கூடைக்குள் போகிறதையும் கூடையையும் கூட்டினால் எனக்கு 635 வந்தது. 1,200-க்கு விற்கிறோம், பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றியது. பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதினால், உள்ளே வைக்கிற நாலு டப்பா 72, கூடைக்குள் நிரப்புகிற பேப்பர் ஷ்ரெட் (காகிதக் கீற்று), சூடு பட்டால் சுருங்கிப் படிகிற ஷ்ரிங்க் ஃபிலிம், ரிப்பன், லேபிள் சேர்த்து 70, வெளிப்பெட்டி 48. ஆக 825. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உதவினார்கள், அவர்களுக்குக் கூடைக்கு 50. கொண்டுபோய் இறக்க 20. மொத்தம் 895. இதில் என் உழைப்புக்குச் சல்லிக்காசு கிடையாது. பெட்டியும் ஃபில்லரும் ரிப்பனும் வாங்க மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிச் சென்னை பாரிமுனைக்குப் போய் வந்த செலவும் இதில் இல்லை. பேப்பருக்கும் அட்டைக்கும் ஆண்டர்சன் தெரு, ஃபேன்சி சாமானுக்குக் காசி செட்டி தெரு. விலை திருச்சியைவிடக் குறைவுதான், ஆனால் பார்சல் சர்வீஸ் சார்ஜைக் கூட்டினால் சின்ன அளவுக்குக் கட்டுப்படியாகாது. பொருள் விலையை மட்டும் பார்த்து விலை சொல்லிவிட்டுப் பிறகு ஏற்ற முடியாது, ஆகவே ஒரே ஒரு கூடையை முழுதாகப் போட்டு, பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி முடித்து, அதன் பிறகு வாயைத் திறங்கள்.

ஷ்ரிங்க் ராப் பற்றி ஒரு வார்த்தை. சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் கையை ஆட்டிக்கொண்டே, கீழிருந்து மேலே போக வேண்டும். ஒரே இடத்தில் ஒரு கணம் நின்றால் ஃபிலிம் பொத்துக்கொள்ளும். கூடையின் பின்பக்கம் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொண்டால் உள்ளே மாட்டிய காற்று அதன் வழியாக வெளியேறி, ஃபிலிம் அப்பளம் மாதிரி உப்பாமல் படியும். சாக்லேட் பெட்டி இருக்கிற பக்கத்தில் சூடு கம்மி. இல்லையென்றால் உருகி, ஆறும்போது வெள்ளை பூத்துப் பழைய சாக்லேட் போல நிற்கும்.

எனக்கு நடந்தது வேறு. மங்கலமாக இருக்கட்டும் என்று அகல் விளக்கோடு ஒரு மல்லிகை ஊதுபத்தி பாக்கெட்டும் வைத்திருந்தேன். அறுபது கூடை முடிந்து அடுக்கியாகிவிட்டது. ஒன்றின் ஃபிலிம் கிழிந்திருந்ததால் பிரித்து, முறுக்குப் பாக்கெட் நன்றாக இருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். முறுக்கு மல்லிகைப் பூவாக மணக்கிறது! இறுக்கி மூடிய ஃபிலிமுக்குள் வாசனைக்குப் போக்கிடம் இல்லை, மெல்லிய பாக்கெட்டையெல்லாம் தாண்டி எண்ணெய்ப் பண்டத்தில் போய் ஏறிவிட்டது. அறுபதையும் பிரித்தோம். முறுக்கு, ஃபிலிம், ரிப்பன் எல்லாம் சேர்த்து 6,300 போனது, பிரித்துக் கட்டின ராத்திரிகள் தனி. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், சோப்பு, வாசனை மெழுகுவர்த்தி எதையும் தின்பண்டத்தோடு ஒரே கூடையில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடி இறுகிய டின்னில் வையுங்கள்.

இத்தனையும் சமாளித்து நிமிர்ந்தபோது, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், எச்ஆர் பெண் போன் செய்தார். "மேம், நூத்திப்பத்து போதும்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." நாற்பது கூடை. அப்போது 150-ம் தயார். ரிப்பனில் கம்பெனி பெயர், உள்ளே வாழ்த்து அட்டையில் கம்பெனி முத்திரை. அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது, அவருக்கும் மேலே இருந்து வந்த உத்தரவு. போனை வைத்துவிட்டு அந்தக் கூடைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் "விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான், எனக்கு அவர் மேல்தான் ஆத்திரமாக வந்தது. வளையலை அடகு வைத்து எடுத்த 80,000 அடுத்த வருஷம் வரை வட்டியில்லாமல் தூங்கவா போகிறது?

தீபாவளிக் கூடைக்கு உயிர் ஒரு தேதி வரைதான். தீபாவளி காலையில் 1,200 ரூபாய்ப் பொருள், சாயங்காலம் வெறும் முந்திரியும் முறுக்கும். இந்தத் தேதியின் பயம் முழுவதையும் நாம் சுமக்க, ஆர்டர் கொடுத்தவர் கை வீசிக்கொண்டு நடக்கிற மாதிரித்தான் இந்த வியாபாரம் வழக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் உண்மையான வேலை, ரிப்பன் எல்லாம் அப்புறம். இப்போது நான் எழுத்தில் கேட்பது இவை. எண்ணிக்கை, விலை, டெலிவரி தேதி போட்ட பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வராமல் ஒரு சாமான் வாங்குவதில்லை. அட்வான்ஸ் பாதி, மிச்சம் வண்டியில் ஏற்றும் முன். தீபாவளிக்கு நாற்பது நாள் முன்பு வரை எண்ணிக்கையைக் குறைக்கலாம், அதன் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. பெயர் அச்சடிக்கிற எதற்கும் காசு முன்கூட்டியே, திருப்பித் தருவதில்லை. சாம்பிளைப் போட்டோ எடுத்து, "இதுவே சரி" என்று இ-மெயிலில் பதில் வாங்கிவிட வேண்டும். முதலில் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்ட பிறகுதான் தெரிந்தது, பெரிய கம்பெனிகளுக்கு இது புதிதே இல்லை, நாம் கேட்காததால்தான் அவர்கள் கொடுப்பதில்லை. கம்பெனி பெயரைக் கூடையில் அச்சடிக்காமல், கழற்றக்கூடிய ஒரு தொங்கு அட்டையில் மட்டும் போடுவது இன்னொரு பாதுகாப்பு.

அந்த நாற்பதில் 22 கூடையை அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கூடை 700-க்குத் தள்ளிவிட்டேன். ரிப்பனை அவிழ்த்து வெறும் சணல் கயிறு கட்டிக் கொடுத்தது அழகாகத்தான் இருந்தது. மீதியைப் பிரித்துவிட்டோம். கடலை மிட்டாய் தெருப் பிள்ளைகளுக்குப் போனது.

வெளியூர்ச் சில்லறை ஆர்டர்கள் இன்னொரு கதை. சென்னை, கோயம்புத்தூர் என்று அறுபது கூடை போனது. கூரியருக்கு 120 ரூபாய் வாங்கினேன், இரண்டரைக் கிலோவுக்கு அது போதும் என்ற கணக்கில். கூரியரில் எடை இரண்டு வகை. தராசு எடை ஒன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவது இன்னொன்று. எது அதிகமோ அதற்குக் காசு. என் பெட்டி 36, 30, 32. பெருக்கினால் 34,560, வகுத்தால் ஏறக்குறைய 7 கிலோ! ஒவ்வொன்றுக்கும் 280 ஆனது. இந்தச் சில்லறைக் கூடையில் நின்ற லாபம் 150, கூரியரில் போனது 160. அனுப்ப அனுப்பக் கூடைக்குப் பத்து ரூபாய் நஷ்டம், நானோ ஆர்டர் குவிகிறது என்று சந்தோஷமாக அட்ரஸ் எழுதிக்கொண்டிருந்தேன். சில கூரியர்கள் இன்னும் சின்ன எண்ணால் வகுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூருக்கு உயரக் கூடை வேண்டாம், தட்டைப் பெட்டிதான். 32, 24, 10 அளவில் போட்டால் ஒன்றரைக் கிலோ சொச்சம்தான் வரும், அதற்குப் பிறகு தராசு எடைதான் பேசும்.

பெங்களூரிலிருந்தும் கேட்டார்கள், நல்ல வேளை அனுப்பவில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மாநிலம் தாண்டினால் முதல் ரூபாய்க்கே பதிவு வேண்டும். பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. பல வகைப் பொருளை ஒரே கூடையில் ஒரே விலைக்கு விற்றால் அது கலப்பு விற்பனை, உள்ளே எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் கூடை முழுவதற்கும். சட்டத்திலேயே இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் நம் ஹேம்பர்தான். 2023-இல் சாக்லேட்டுக்கு 18 சதவீதம், அது ஒன்று உள்ளே இருந்தால் 5 சதவீத முந்திரிக்கும் 18. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், பாதாம் மாதிரிப் பருப்பு வகை, காரம் எல்லாம் 5-க்கு வந்துவிட்டதால் இப்போது நிம்மதி. ஆனால் ஒரு கோலா பாட்டிலை வைத்தீர்களோ, அதற்கு 40. ஆடிட்டரைப் பார்க்கிற ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கம்பெனிப் பாக்கி 87,000 பிப்ரவரி கடைசியில்தான் வந்தது. போன் செய்தால் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு மேம்" என்பார்கள், அக்கவுண்ட்ஸில் கேட்டால் "அப்ரூவல் வரல". சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்று சட்டம் இருக்கிறதே என்று, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் பதிந்திருந்தது வியாபாரி என்று. 2021-இல் வியாபாரிகளை உத்யமில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான், இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. பதிவு இலவசம்தான், ஆனால் உங்கள் வேலை வாங்கி விற்பதா, தயாரிப்பதா, சேவையா என்பதை விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

மாசி மாதம் நோட்டை எடுத்துக் கூட்டினேன். கம்பெனி கொடுத்த 110 கூடையில் லாபம் 33,550. மிஞ்சிய நாற்பதில், கொண்டுபோய் இறக்குகிற செலவு நீங்கலாக, போட்டது 35,000, வந்தது 15,400. கூரியர் பத்துப் பத்தாக 600. மல்லிகை முறுக்கு 6,300. நகைக் கடன் வட்டி 2,700. நாலு கம்பெனிக்கு இலவசமாகக் கொடுத்த சாம்பிள் கூடை 3,580. ஹீட் கன் 800. கூட்டிக் கழித்தால் முப்பது ரூபாய் நஷ்டம். பிரித்த கூடைகளின் முந்திரி அந்த வருஷம் வீட்டுப் பாயசத்துக்கு ஆனது, கொட்டான்கள் அடுத்த கொலுவுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க ஆயின. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது ரூபாய் என்றதும் அத்தை சிரித்துவிட்டார், பிறகு நானும்.

தொழிலை விடவில்லை. தீபாவளியை மட்டும் நம்பி இருப்பதை விட்டேன். நவராத்திரிக்குச் சின்னக் கொட்டானில் தாம்பூலம், வளைகாப்பு, கல்யாணச் சீர்த்தட்டு என்று வருஷம் முழுக்கச் சின்னச் சின்னதாகப் போகிறது. இதிலெல்லாம் தேதி வாடிக்கையாளருடையது, பணம் முன்னாலேயே வந்துவிடும். சாம்பிளுக்கு இப்போது முழு விலை வாங்குகிறேன், ஆர்டர் உறுதியானால் பில்லில் கழித்துக்கொள்வேன். சும்மா பார்ப்பவர்கள் அதிலேயே கழன்றுகொள்கிறார்கள். 2024-இல் அதே கம்பெனி மறுபடி கேட்டது. என் நிபந்தனைகளை அனுப்பினேன், பாதி அட்வான்ஸ் என்றதும் பதில் வரவில்லை. ஒரு பல் மருத்துவர் அறுபது கூடை எடுத்தார், பணம் முழுதும் முன்னாலேயே. கொட்டானில் போட நினைப்பவர்கள் ஆடியிலேயே ஆர்டர் சொல்லிவிடுங்கள். ஆவணி பிறந்துவிட்டால் பெரிய ஆர்டர்கள் உள்ளே புகுந்து, நமக்கு வரிசையில் கடைசி இடம்தான்.